மண்ணைப் படித்த பிறகே கருவி: கரிசலிலும் செம்மண்ணிலும் தொலைந்ததைத் தேடுதல்

கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக் கரண்டி எந்த வீட்டில் இருக்கிறது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த காலம் உண்டு. கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பை வாங்கிவந்து கயிற்றில் கட்டி இறக்கினால் மட்டும் வாளி மேலே வந்துவிடாது. தண்ணீர் எத்தனை முழம், அடியில் சேறா பாறையா, அறுந்தபோது வாளி எந்தச் சுவர் ஓரம் போனது என்பதெல்லாம் தெரிந்த கை வேண்டும். இப்போது வயலில் மோதிரம் நழுவினால் மெட்டல் டிடெக்டர் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் பொருள் கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். பாதாளக் கரண்டிக்குத் தேவைப்பட்ட அதே கை இதற்கும் தேவை.

இந்த அத்தியாயம் உள்நாட்டு நிலத்துக்கானது. சுந்தரபாண்டியம், வத்திராயிருப்புப் பக்கத்து நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை மலையடிவாரத்தில் கிடக்கும் செம்மண்ணும், கிழக்கே சாத்தூரை நோக்கிப் போகப்போக விரியும் கரிசலும் மனதில் வைத்து எழுதியது. கடற்கரையில் தேடுகிறவருக்கு உப்புத் தண்ணீர்தான் பெரிய தொல்லை. நமக்குத் தொல்லை வேறு. மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறது. அதற்குமேல், எத்தனையோ தலைமுறை உழவர்கள் விட்டுப்போன லாடமும் ஆணியும் கடையாணியும் கொழுத்துண்டும் அதே மண்ணில் கிடக்கின்றன.

கருவிக்கு எது தெரியும்

கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டுக்குள் செப்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மாறுமின்சாரம் மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவும் தன் பங்குக்குச் சிறு காந்தப்புலத்தை எழுப்பும். தட்டிலுள்ள இரண்டாவது சுருள் அதை வாங்கிச் சத்தமாக மாற்றித் தருகிறது. ஆக, தங்கம் என்று ஒன்று இந்தக் கருவிக்குத் தெரியாது. மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடும் பொருள், எவ்வளவு பெரிது, என்ன வடிவம், எப்படிப் படுத்திருக்கிறது என்ற நான்கைத்தான் அது சொல்கிறது. திரையில் வரும் எண் அந்த நான்கும் கலந்த கணக்கு.

ஆழத்தைப் பற்றி ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். காசு அளவுள்ள பொருளின் பதில், தூரத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் குறைகிறது. ஆழம் இரண்டு மடங்கானால் சத்தம் பாதியாவதில்லை, 64-இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் சாதாரணக் கருவிக்குக் காசோ மோதிரமோ அரை அடி முதல் முக்கால் அடி வரைதான் எட்டுகிறது. வயலில் தொலைந்த பொருளுக்கு அது பெரும்பாலும் போதும்.

இந்த விதி தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. "இருபது அடி ஆழத்துத் தங்கத்தைக் காட்டும்", "கிலோமீட்டர் தூரத்திலிருந்தே திசை சொல்லும்" என்று விற்கப்படுபவை எந்த இயற்பியலிலும் அடங்காதவை. சுருளே இல்லாமல், ஆன்டெனாபோல ஒரு கம்பி மட்டும் ஆடும் பெட்டியைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று ஏமாற்றும் கும்பல்களிடம் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றுப் பணத்தைத் தொலைத்திருக்கின்றன என்பதைக் காவல்துறை வழக்குகள் சொல்லும். அந்தக் கும்பல்கள் விற்கும் கருவியும் அந்தக் கலசமும் ஒரே பட்டறைச் சரக்கு.

முதலில் ஆளைக் கேளுங்கள்

கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் கால்மணி நேரமாவது பேசுங்கள். நல்ல முடிவுக்கு இதைவிடப் பெரிய குறுக்குவழி இல்லை. நடவு வயலில் மோதிரம் தொலைத்த ஒருவரிடம் பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அக்கா, மோதிரம் கையில இருந்ததைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"காலைல நாத்துக்கட்டு தூக்கும்போது இருந்துச்சு தம்பி. மத்தியானம் சோத்துச் சட்டியக் கழுவுறப்பத்தான் விரலப் பாத்தேன்."

"எந்தக் கையி? நாத்து பிடிக்கிற கையா, ஊன்றுற கையா?"

"ஊன்றுற கை."

"அப்ப எந்த வரப்பு ஓரமா நின்னீங்க? உங்களுக்கு அந்தண்ட யாரு நட்டா?"

அரை ஏக்கர் வயல் இந்த நான்கு கேள்வியில் ஓர் ஆள் அகலமுள்ள பட்டையாகச் சுருங்கிவிடும். நாற்றுக் கட்டைத் தூக்கி எறிந்த இடம், கை கழுவிய வாமடை, சேலையை உதறிய வரப்பு, சாப்பிட்ட மரத்தடி ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஈரக் கையிலிருந்து மோதிரம் நழுவுவது பெரும்பாலும் கையை உதறும்போதுதான். தொலைத்தவரையே வயலில் நிறுத்தி, அன்று செய்த வேலையை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். வாய் மறந்ததை உடம்பு நினைவில் வைத்திருக்கும்.

அதே அளவுள்ள இன்னொரு மோதிரத்தை அந்த வீட்டிலிருந்தே வாங்கி, அதே வயலின் மண்ணில் நான்கு விரல் ஆழத்தில் நூல் கட்டிப் புதைத்து, கருவி எப்படிச் சத்தம் தருகிறது என்று கேட்டுப் பழகுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு "ஒண்ணும் காட்டலியே" என்கிறார்கள்.

செம்மண், கரிசல், சேறு, சூளை

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது பொடிப்பொடியாகக் கலந்திருக்கிறது. மழையில் அரிக்கப்பட்டு ஓடைகளில் இறங்கும்போது, மணலுக்கு மேலே கறுப்புக் கோடாகப் படிவது அதுதான். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்பு மீசை முளைத்து வரும். அந்த மண்ணின்மேல் கருவி இடைவிடாமல் முனகும். முனகலை அடக்கக் கூர்மையைக் குறைத்தால் பொருளும் சேர்ந்து மறைந்துவிடும்.

இதற்கான மருந்து மண்சமன். உலோகம் எதுவும் இல்லாத ஒரு கையகல இடத்தைத் தேர்ந்து, தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கும் இரண்டு விரல் உயரத்துக்கும் இடையே மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தம் ஏறாமலும் இறங்காமலும் ஒரே சீராக வரும்வரை சமன் பொத்தானைச் சரிசெய்யுங்கள். தானாகச் சமன் செய்யும் கருவிகளிலும் இதைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. முக்கியமான செய்தி, ஒருமுறை செய்தால் அன்றைக்கு முழுவதும் போதும் என்று இருக்கக் கூடாது. மலையடிவாரத்தில் ஒரே தோட்டத்துக்குள் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் வண்டலும் இருக்கும். நடக்க நடக்க மண்ணின் நிறம் மாறினால் நின்று மறுபடி சமன் செய்யுங்கள்.

தீ பட்ட மண் தனிக் கதை. மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்கள் சூட்டில் வேறு வடிவம் எடுத்துக் காந்தத் தன்மை கூடிவிடுகிறது. கண்மாய் ஓரத்துப் பழைய செங்கல் சூளை, கரும்புச் சோகை எரித்த இடம், அடுப்பு மேடு எல்லாவற்றிலும் கருவி உலோகம் இருப்பதுபோலவே கத்தும். தட்டைத் தூக்கினால் உடனே அடங்குகிறதா, இடத்தைவிட்டு ஓரடி நகர்ந்தாலும் அதே சத்தம் பரவலாக வருகிறதா என்று பாருங்கள். பரவலாக வந்தால் அது மண்தான். உலோகத்தின் சத்தத்துக்கு ஓரம் உண்டு.

கரிசலின் சங்கடம் வேறு. அது கோடையில் வெடிக்கிறது. சித்திரை, வைகாசியில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டிருக்கும் நிலத்தில் மோதிரம் விழுந்தால் மேலே கிடக்காது, உள்ளே இறங்கும். இறங்கிய மோதிரம் வெடிப்புச் சுவரில் செங்குத்தாக நிற்கும். படுத்த மோதிரத்துக்கு மேல் போகும்போது கருவிக்கு முழு வட்டம் கிடைக்கிறது, நிற்கும் மோதிரத்தின்மேல் ஒரு கோடுதான். ஆகவே வெடிப்பு ஓடும் திசையில் ஒருமுறையும் அதற்குக் குறுக்கே ஒருமுறையும் ஓட்ட வேண்டும். அதற்கு முன்பே டார்ச் அடித்து ஒவ்வொரு வெடிப்பாகப் பார்த்துவிடுங்கள். கருவியே தேவைப்படாமல் போகலாம். வெடிப்பின் விளிம்பை மிதித்து மண்ணை உள்ளே தள்ளிவிடாதீர்கள். ஐப்பசி மழை இறங்கினால் கரிசல் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும், பொருள் ஓரடி, இரண்டடி ஆழத்தில் சிறைப்பட்டுவிடும். கரிசலில் தொலைந்தால் மழைக்கு முன்பும் உழவுக்கு முன்பும் தேடியாக வேண்டும்.

நெல்வயலில் இதற்கு நேர்மாறாகப் பொறுமை உதவும். தொளி அடித்த சேற்றில் விழுந்த மோதிரம் இறங்கும், ஆனால் சேற்றுக்குக் கீழே வருடாவருடம் உழவுமாடும் டிராக்டரும் மிதித்து இறுகிய கெட்டிப் படிவு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அங்கே தங்கிவிடும். அது கருவிக்கு எட்டும் ஆழம். அன்றைக்கே சேற்றில் இறங்கித் துழாவினால் மிதித்துப் பக்கவாட்டில் தள்ளிவிடத்தான் செய்வோம். இடத்தைச் சுற்றி நான்கு குச்சி ஊன்றிவிட்டு அறுப்பு வரை காத்திருக்கலாம். அறுப்பு முடிந்து, தண்ணீர் வடிந்து, மண் காலைத் தாங்கும் பதத்துக்கு வந்ததும் தேடுங்கள். நெல்லறுக்கும் மிஷின் விட்டுப்போகும் தாள் ஒரு சாண் உயரம் நிற்கும். தட்டை அது தூக்கிவிட்டால் அந்த ஒரு சாணும் உங்கள் ஆழத்திலிருந்து கழிகிறது. குச்சி ஊன்றிய பட்டையில் மட்டும் அரிவாளால் தாளைத் தரையோடு அறுத்துவிடுங்கள். ரோட்டவேட்டர் ஓட்டுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் உங்கள் வேலை.

களர் நிலத்தில் ஈரம் இருக்கும்போது உப்பு மின்சாரத்தைக் கடத்தும், கடற்கரைபோல நடந்துகொள்ளும். காயவிட்டுத் தேடினால் போதும்.

தேடும் பொருளின் குணம்

நம் பெண்கள் தொலைப்பது எதை? மோதிரம், தோட்டின் திருகு, மூக்குத்தி, மெட்டி, கொலுசு, தாலிச் சங்கிலி. ஒவ்வொன்றும் கருவிக்கு வேறு வேறு ஆள்.

முழு வளையமான மோதிரம் சுலபம். மெட்டியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நம் மெட்டிகள் பலவும் விரலுக்குத் தக்கபடி நெருக்கவும் விரிக்கவும் ஏதுவாக வாய் பிளந்தவை. சுழல் மின்னோட்டம் வளையத்தைச் சுற்றிவர முடியாமல் அந்தப் பிளவில் அறுந்துவிடுகிறது. அதனால் அதே எடையுள்ள முழு வெள்ளி வளையத்தைவிட மெட்டி மிகப் பலவீனமாகத்தான் பேசும். சங்கிலியின் நிலைமை இதைவிட மோசம். மூன்று பவுன் சங்கிலி என்று நாம் எடையை நினைக்கிறோம். கருவிக்கோ அது நூற்றுக்கணக்கான பொடி வளையங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே பார்க்கிறது. மெல்லிய சங்கிலியைத் தேடும்போது சங்கிலியைத் தேடாதீர்கள். கொக்கியையும், தாலியையும், கோத்திருக்கும் குண்டையும் காசையும் தேடுங்கள். அவைதான் குரல் கொடுக்கும். மூக்குத்தியும் திருகும் இரண்டு விரல் ஆழத்துக்குமேல் போனால் பெரும்பாலும் கேட்காது. அங்கே கருவியை நம்புவதைவிட மேல்மண்ணை வழித்துச் சல்லடையில் சலிப்பது மேல். கருவியைச் சலித்த குவியலின்மேல் காட்டிக்கொள்ளலாம்.

குப்பையை ஒதுக்கும் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் உண்டு. மோதிரம் தேடுகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. தங்க மோதிரத்தின் எண்ணும், மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், பாட்டில் மூடி ஆகியவற்றின் எண்ணும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அலுமினியத்தை ஒதுக்கினால் தங்கமும் கூடவே போகும். தென்னந்தோப்பில் ஐம்பது மூடிகளைத் தோண்ட நேரிட்டால் ஐம்பதையும் தோண்டுங்கள். ஐம்பத்தொன்றாவது சத்தம் மோதிரமாக இருக்கும்போது அதன் எண் மூடியின் எண்ணாகவே இருக்கும்.

விருதுநகர் மாவட்டத்துக்கென்றே ஒரு குப்பை இருக்கிறது, கம்பி மத்தாப்பு. தீபாவளி முடிந்த களத்திலும் தெருப் புழுதியிலும் எரிந்த கம்பிகள் நூற்றுக்கணக்கில் புதைந்திருக்கும். நீளமான இரும்புக் கம்பி, தட்டு எந்தக் கோணத்தில் கடக்கிறதோ அதற்கேற்ப ஒருமுறை இரும்பாகவும் மறுமுறை நல்ல உலோகமாகவும் பேசி ஏமாற்றும். நின்ற இடத்திலேயே கால்வட்டம் சுற்றி வந்து மறுபடி ஓட்டுங்கள். மோதிரத்தின் சத்தம் எந்தப் பக்கமிருந்து கடந்தாலும் ஒரே புள்ளியில் விழும், கம்பியின் சத்தம் புள்ளி மாறும். களத்தில் தேடுவதற்கு முன், கயிற்றில் கட்டிய காந்தக் கட்டையை இழுத்துக் கம்பிகளைப் பொறுக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஓட்டும் முறை

1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் தன் கையால் செய்த உலோகங்காட்டியைக் கொண்டுவந்து உடம்பிலுள்ள குண்டைத் தேடினார். கருவி எங்கு வைத்தாலும் கத்தியது. அதிபரின் படுக்கையில் எஃகுக் கம்பிகள் இருந்தன. நம் வயலிலும் அதே பிழை நடக்கிறது. இடுப்புச் சாவிக்கொத்து, கால் கொலுசு, பக்கத்தில் நிற்பவர் தோளில் சாத்திய மண்வெட்டி, சட்டைப்பையில் செல்போன். எல்லாவற்றையும் வரப்பில் வைத்துவிட்டு இறங்குங்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். தலைக்குமேல் உயர் அழுத்த மின்கம்பி போனால் கருவியின் கூர்மையை ஒரு படி இறக்குங்கள்.

ஓட்டும் ஒழுங்கை யாரிடம் கற்கலாம் என்றால், இலங்கையின் வடக்கே கண்ணிவெடி அகற்றுகிறவர்களிடம் என்பேன். முகமாலையில் போர்முனையாக இருந்த நிலத்தைப் பல ஆண்டுகளாகச் சுத்தம் செய்துவருகிறவர்களில் உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் ஏராளம். காலையில் வேலை தொடங்குமுன் தெரிந்த உலோகத்துண்டின்மேல் கருவியைக் காட்டிச் சோதிப்பார்கள். நிலத்தைக் குறுகிய பாதைகளாகக் குறித்துக்கொண்டு, முன்னால் உள்ள சிறு பட்டையை முழுதாகப் பார்த்த பிறகே அடுத்த பட்டைக்கு நகர்வார்கள். வந்த சத்தம் எதையும் "குப்பையாக இருக்கும்" என்று விட்டுவிட்டுப் போவதில்லை. அவர்களுக்கு ஒரு சத்தம் தவறினால் கால் போகும், உயிர் போகும். நமக்கு மோதிரம்தான். ஆனால் முறை அதேதான். (போர் நடந்த நிலத்தில் பொழுதுபோக்காகக் கருவி ஏந்தி இறங்குவது தற்கொலை. அந்தப் பக்கத்து வாசகர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.)

ஆகவே, குறித்த பட்டையை மூன்றடி இடைவெளியில் கயிறு கட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டைத் தரைக்கு இணையாக, புல்லை உரசும் உயரத்தில் பிடியுங்கள். கையை வீசும்போது இரு முனையிலும் தட்டு மேலே எழும்புவது புதியவர் எல்லோரும் செய்வது. நடுவில் அரை அடி பார்த்துவிட்டு ஓரத்தில் நான்கு விரல்கூடப் பார்க்காமல் போவீர்கள். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையே தட்டின் பாதி அகலம்தான் முன்னேற வேண்டும், ஏனென்றால் ஆழம் போகப்போகப் பார்வை கூம்பாகக் குறுகும். பட்டை முடிந்ததும் கயிற்றைக் குறுக்காகக் கட்டி மறுபடி முதலிலிருந்து. வேகமாக ஓர் ஏக்கர் பார்ப்பவரைவிட மெதுவாக ஒரு சென்ட் பார்ப்பவருக்குத்தான் பொருள் கிடைக்கும்.

சத்தம் கிடைத்ததும் நெடுக்கும் குறுக்குமாகக் கடந்து, இரண்டும் வெட்டும் புள்ளியில் குச்சி ஊன்றுங்கள். மண்வெட்டியால் கொத்தாதீர்கள். எத்தனையோ மோதிரங்கள் தேடியவர் கையாலேயே நசுங்கியிருக்கின்றன. களைக்கொத்தியால் புள்ளியைச் சுற்றி ஒரு சாண் வட்டமாக வெட்டி, கட்டியை அப்படியே பெயர்த்துத் தார்ப்பாயில் வையுங்கள். குழியில் சத்தம் இன்னும் இருக்கிறதா, கட்டிக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே போனால் கண்ணுக்குமுன் தேடும் வட்டம் சுருங்கும். பொருள் கிடைத்த பிறகும் குழியை ஒருமுறை கேளுங்கள். பிறகு மூடி மிதித்துவிட்டு வாருங்கள். அடுத்தவர் நிலத்தில் ஆடு மாடு கால் இடறும் குழி ஒன்றுகூட உங்கள் பேரில் இருக்கக் கூடாது.

நகைக்கு வெளியேயும் கருவிக்கு வேலை உண்டு. சாலையோர மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகள் காலப்போக்கில் பட்டைக்குள் மூடிக்கொள்கின்றன. அறுவை மில்லில் வாள் பட்டுத் தெறித்தால் ஆளுக்கே ஆபத்து, ஆகவே கட்டையை ஏற்றுமுன் ஓட்டிப் பார்க்கலாம். ராஜபாளையம் நூற்பாலைகளுக்கு இது புதிதல்ல. பஞ்சில் வரும் இரும்புத்துண்டு இயந்திரத்தில் உரசித் தீப்பொறி கிளப்பும் என்பதால் காந்தமும் உலோகங்காட்டியும் அங்கே வழக்கம். இரை எடுக்காமல் மெலியும் மாட்டின் வயிற்றில் கம்பி இருக்கிறதா என்று பார்க்கக் கால்நடை மருத்துவர்களும் இதே கருவியை வைக்கிறார்கள்.

கை நிற்க வேண்டிய இடம்

இதுவரை சொன்னது தொலைந்ததைத் தேடுவது பற்றி. புதைந்ததைத் தேடுவது வேறு காரியம், அது நம் காரியம் அல்ல.

பட்டா நிலத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடுதான் இறங்க வேண்டும். கண்மாய், ஓடை, புறம்போக்கு அரசுக்குரியவை. கோயில் வளாகத்திலும், பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ளும் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. சதுரகிரி மலை ஏறும்போது பொருள் தொலைந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு, பங்கும் பறிபோகும். தெரிவித்தவருக்குச் சட்டம் ஒன்றும் இல்லாமல் செய்துவிடவில்லை. சொந்தக்காரர் இல்லாத புதையலாக இருந்து, நிலத்துக்காரர் உரிமை கோரினால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்று அது வகுத்திருக்கிறது. அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். நடைமுறையில் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர்கள் மேலே அனுப்புவார்கள். 2020-இல் திருவானைக்காவல் கோயிலில் இடத்தைச் சுத்தம் செய்தபோது கிடைத்த 505 தங்கக் காசுகளும், 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது கிடைத்த 22 ஐம்பொன் திருமேனிகளும் நானூறுக்கு மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன. இவை எதையும் கருவி ஏந்திய புதையல் வேட்டைக்காரர் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

தண்டனைக்குப் பயந்து கையை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. இதே மாவட்டத்தில், வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் மூன்று கட்டமாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் வந்தன. அவற்றில் தங்கம் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சங்கு வளையல், கண்ணாடி மணி, சுடுமண் பொம்மை, ஆட்டக்காய் ஆகியவைதான் குவிந்தன, கருவி ஒரு சத்தமும் தராத பொருள்கள். அவை கிடந்த அடுக்கைக் கலைத்தால் அங்கே சங்கறுத்த பட்டறை இருந்த கதையே போய்விடும்.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் நடந்தது இன்னும் ஆழமாக உறைக்கும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வு, தமிழ் நிலத்தில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குக் கொண்டுபோனது. அதற்கு ஆதாரமாக நின்றது துருப்பிடித்த இரும்பும் அதனோடு தாழியில் கிடந்த கரித்துண்டும்தான். அந்த இரும்பின்மேல் கருவியை வைத்தால் என்ன நடக்கும்? "குப்பை, ஒதுக்கு" என்று சொல்லும். ஒதுக்காமல் தோண்டி எடுத்திருந்தாலும் கரியைவிட்டுப் பிரிந்த இரும்புக்கு வயது சொல்ல ஆளில்லை.

சரியாக நடந்துகொண்ட ஒருவரைச் சொல்கிறேன். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் கிராமத்தில், வயலில் சுத்தியலைத் தொலைத்த விவசாய நண்பருக்காக எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர் கருவியோடு போனார். சத்தம் வந்த இடத்தில் ரோமானியர் காலத்துக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் எழும்பின. கொஞ்சம் எடுத்ததும் கையை நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மீதியை அகழ்ந்தார்கள். சுமார் 15,000 காசுகள். அவர் நிறுத்தியதால், மக்கிப்போன மரப்பெட்டிக்குள் எந்தப் பொருள் எந்தச் சிறு பேழைக்குள் அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை படிக்க முடிந்தது. அவருக்கும் நண்பருக்கும் 17.5 லட்சம் பவுண்டு சன்மானம் கிடைத்தது. தேடிப்போன சுத்தியலும் கிடைத்தது. புதையலும் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

மோதிரம் தேடிப் போகும் வயலில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடோ, வட்டமாகப் புதைந்த தாழியின் விளிம்போ, சங்கு வளையல் துண்டோ கண்ணில் பட்டால் கருவியை அணைத்துவிடுங்கள். இருந்த இடத்திலேயே போட்டோ எடுத்து, வெட்டிய மண்ணை மெதுவாக மூடி, அன்று சாயங்காலமே ஊர் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.